அப்பாவின் மைலோ டின்னும் என் மஞ்சள் ஜெர்சிகளும்

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம், அலமாரி மேலிருந்த பெரிய மைலோ டின்னை அம்மா இறக்கி என் கையில் கொடுத்தார். "உங்கப்பா யாரையும் இதைத் தொட விட்டதில்ல. இனிமே நீ வச்சிக்கோ" என்றார். 2009-ஆம் ஆண்டு அது. மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். தமிழ் நேசன் நாளிதழிலிருந்து வெட்டிய துண்டுகள், ரப்பர் வளையம் போட்ட டிக்கெட் கட்டு, தோட்டப் போட்டியில் வாங்கிய பித்தளைப் பதக்கம் ஒன்று, பூச்சு உதிர்ந்த விசில் ஒன்று. ரப்பர் வளையம் உருகி மேலே இருந்த டிக்கெட்டோடு ஒட்டிப் போயிருந்தது.

அப்பா பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டோடு கிளம்பிப் போய், மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, சாயங்காலம் திடலில் விசிலோடு நிற்பார். தோட்டத்துப் பையன்களின் ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். அன்றைக்கு அந்தத் திடலில் கோல் காக்க நின்ற ஒவ்வொரு பையனுக்கும் பெயர் ஆறுமுகம்தான். நீண்ட கைகளால் பந்தைப் பறிப்பதால் ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்த சிலாங்கூர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தார். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அங்கே போய் ஆடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1988-இல் சாலை விபத்தில் அவர் இறந்த செய்தியை அப்பா வெட்டி, நான்காக மடித்து, அந்த டின்னில் வைத்திருந்தார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்.

என் சேகரிப்பு அந்தத் துண்டில் தொடங்கியது. என் முதல் தவறும் அதில்தான்.

இவ்வளவு அருமையான காகிதம் கிழிந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில், பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்து லேமினேட் செய்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. மூன்று நான்கு வருடத்தில் உள்ளே இருந்த காகிதம் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகி, மடிப்பில் இருந்த எழுத்துகள் மறைந்தன. கடைக்காரர் மேல் குற்றமில்லை, நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். செய்தித்தாள் மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம். மரத்தில் இருக்கும் லிக்னின் அதில் அப்படியே தங்கியிருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது அமிலமாகிக் காகிதத்தைத் தின்கிறது. லேமினேட் செய்யும்போது சூடும் பசையும் சேர்ந்து கொள்கின்றன. பிறகு பிரிக்க வழியே கிடையாது. பிரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும்.

இப்போது என் வழக்கம் இது. ஒரு துண்டு கைக்கு வந்ததும் முதலில் ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுவேன். மடிப்பைக் கையால் மெல்ல நீவி, அமிலமற்ற வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பாலிபுரொப்பிலீன் உறையில் போடுவேன். உறை வாங்கும்போது பிவிசி என்று எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அது நாளாக ஆக மை மீது ஒட்டும், மூக்கைத் துளைக்கும் ஒரு வாடையும் வரும். பசை, செலோடேப், ஸ்டேப்ளர் எதையும் கிட்டே கொண்டு போவதில்லை. டிக்கெட் கட்டுக்கு ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்திலேயே ரப்பர் டிக்கெட்டைத் தின்றுவிட்டது என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

அப்பா போன அதே வருடக் கடைசியில், கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா, சீ விளையாட்டு என்னும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்தில் தங்கம் வென்றது. இருபது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த தங்கம். மறுநாள் காலையில் தமிழ் நேசன் வாங்கி, அப்பாவின் கத்தரிக்கோலாலேயே வெட்டி டின்னில் போட்டேன். அடுத்த வருடம் தென்கிழக்காசிய நாடுகள் மோதும் ஏஎஃப்எஃப் கிண்ணம். 2010 டிசம்பர் 26-இல் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றோம். மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கிண்ணம் நமக்குத்தான். டிசம்பர் 31 பொது விடுமுறை ஆனது. அந்த அணியில் எஸ். குணாளன் இருந்தார். வலது ஓரமாக அவர் பந்தோடு ஓடும்போதெல்லாம் ஒட்டுக்கடையில் இருந்த மொத்தக் கூட்டமும் நாற்காலியை விட்டு எழுந்துவிடும். அந்த மஞ்சள் நைக்கி ஜெர்சி எப்படியாவது வேண்டும் என்று அன்று தோன்றிய ஆசைதான் என்னை பண்டல் கடைகளில் கொண்டு போய் விட்டது.

பண்டல் கடை தெரியாத மலேசியர் இருக்க மாட்டார். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பழைய துணிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். உள்ளூரில் வீடு மாறுகிறவர்கள் கொட்டிவிட்டுப் போவதும் அதில் கலந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுவேன். கடைக்கார அபாங் என்னைப் பார்த்ததும், "பொஸ், ஜெர்சி குவியல் அந்தப் பக்கம்" என்று கை காட்டுவார். அந்தக் குவியலில் கண்ணுக்கு வேலை குறைவு, விரலுக்குத்தான் வேலை. நல்ல ஜெர்சியின் துணியில் சிறு துளைகள் சீராக இருக்கும், கைக்குச் சில்லென்று படும். போலி வழவழவென்று கனமாக இருக்கும். தையல் ஓரத்தைத் திருப்பினால் நூல் பிசிறு தொங்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது உள்பக்கத்துச் சின்னப் பட்டை. 2010 காலத்து நைக்கி ஜெர்சியில் இடுப்போரத் தையலில் நகத்தளவு பட்டை ஒன்று இருக்கும். அதில் ஆறு இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம் என்று ஓர் எண். முதல் ஆறு அந்த ஜெர்சியின் வகை, பின் மூன்று அதன் நிறம். கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடினால் கையில் இருக்கும் அதே ஜெர்சியின் படம் வர வேண்டும். மலேசிய ஜெர்சியின் எண்ணைத் தேடி வேறு நாட்டு அணியின் படமோ ஒரு ஷூவோ வந்தால், அது எல்லை தாண்டி வந்த போலிச் சரக்கு. மிகப் பழைய ஜெர்சிகளில் இந்த எண் இருக்காது. அங்கே சின்னத்தின் பின்பக்கத் தையலைத்தான் பார்க்க வேண்டும். போலி ஜெர்சி வாங்கிப் போடுவதில் தப்பொன்றும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பாசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிப் போட்டுக்கொண்டுதான் பந்து உதைக்கிறார்கள், நானும் அப்படி வளர்ந்தவன்தான். அசல் என்று சொல்லி முந்நூறு வெள்ளி கேட்கும்போதுதான் பட்டையைப் பார்க்க வேண்டும்.

ஏழு மாதம் தேடி, ஒரு மழை நாளில் அந்த 2010 ஜெர்சி கிடைத்தது. பதினைந்து வெள்ளி. அக்குள் பக்கம் லேசாக மங்கல், மற்றபடி புதுசு. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் துவைத்து, கொடியில் வெயிலில் போட்டு, சுருக்கம் போக ஐயன் பெட்டியும் வைத்துவிட்டேன். முதுகில் இருந்த எண் ஐயன் பெட்டியோடு இழுபட்டு ஒரு மூலையில் எழும்பி வந்தது. எண்ணும் பெயரும் சூட்டில் ஒட்டுபவை, மறுபடி சூடு பட்டால் இளகிவிடும். அன்றிலிருந்து ஜெர்சியை உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், கையால் அலசி, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துகிறேன். மடிக்கும்போது எண்ணின் நடுவில் மடிப்பு விழாமல் நடுவே ஒரு மெல்லிய தாள் வைக்கிறேன்.

கையெழுத்து விஷயத்தில் பட்ட அடி இதைவிடப் பெரியது. இணையத்தில் ஒருவர் ஆட்டக்காரர் ஒருவரின் கையெழுத்துப் போட்ட ஜெர்சி என்று படம் போட்டிருந்தார். கூடவே தங்க நிற முத்திரை குத்திய சான்றிதழ். முந்நூற்று ஐம்பது வெள்ளி அனுப்பினேன். ஜெர்சி வந்த பிறகு வேறொருவர் விற்ற ஜெர்சியின் படத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். அதே கையெழுத்து, அதே சாய்வு, கடைசிக் கோட்டில் அதே சின்ன நெளிவு. மனிதக் கை இரண்டு தடவை ஒரே மாதிரி போடாது. ஜெர்சியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மார்க்கர் மை என்றால் நூலுக்குள் இறங்கியிருக்க வேண்டும், கோடு தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் சற்றுக் கருத்துத் திரண்டிருக்க வேண்டும். இது ஒரே சீராக, துணியின் மேலே தோல் மாதிரி படிந்திருந்தது. அச்சடித்தது. விற்றவர் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு விலை கொடுத்துக் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டேன். நேரில் போய் வாங்குகிறேன். அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. ஜெர்சிக்குள் கெட்டி அட்டை ஒன்றை நுழைத்து, பின்பக்கம் இரண்டு துணி கிளிப் போட்டு இழுத்துப் பிடித்தால், அவசரத்தில் இருக்கும் ஆட்டக்காரருக்கும் எழுத வசதி, கோடும் வளையாது. மஞ்சள் ஜெர்சிக்குக் கறுப்பு நிரந்தர மார்க்கர். மூடியைத் திறந்து கையில் கொடுக்க வேண்டும். ஒரு பெயருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக எழுதுவார்கள். "மகளுக்கு" என்று எழுதியிருந்தால் விலை குறையும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதனால்தான் அதற்கு மதிப்பு. கையெழுத்து வாங்கியதும் தேதி, இடம், யார் கூட இருந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்துவிடுவேன்.

இந்தச் சின்னத் தாள் எவ்வளவு பெரிய காரியம் என்பதை மரடோனாவின் ஜெர்சி காட்டிவிட்டது. 1986 உலகக் கிண்ணத்தில் கையால் தட்டிய கோலும், பாதித் திடலை ஓடிக் கடந்து போட்ட கோலும் விழுந்த அதே ஆட்டத்தின் ஜெர்சி. இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் ஹாட்ஜ் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொண்டு, பல வருடம் வைத்திருந்து, மான்செஸ்டரில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் காட்சிக்குக் கொடுத்திருந்தார். 2022-இல் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. 2024-இல் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் 1932 ஜெர்சி 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு விற்றது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பழைய படத்தில் இருக்கும் அழுக்கும் மடிப்பும் இதோடு பொருந்துகிறதா என்று வரி வரியாகப் பார்த்துத்தான் அந்த விலை. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு, என்னிடம் இருந்த எல்லாப் பொருளுக்கும் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். விடிய இரண்டு மணி ஆகிவிட்டது.

சரி, நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு வருவோம். சாயங்காலம் ஆனால் மழை, காலையில் செம்பனைக்குள்ளிருந்து கிளம்பி வரும் பனி. சுவரே வேர்க்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வந்துவிடும். அலமாரிக்குள் வைக்கும் ஈரமானி மலிவுதான், ஒன்று வாங்கி வையுங்கள். நான் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூட்டடுப்பில் இளஞ்சூட்டில் உலர்த்தினால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைப்பதில்லை. பாச்சா உருண்டை போடுகிறவர்கள் உண்டு. அது பிளாஸ்டிக்கையும் ஜெர்சி எண்களையும் பிசுபிசுக்க வைக்கும், வேண்டாம். காகிதத்துக்குப் பெரிய எதிரி வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடுமே, அந்தப் பூச்சி. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து. எங்கள் வீட்டில் அது மாதக் கடைசி ஞாயிறு. என் மகள் அதற்கென்றே தே தாரே வாங்கி வருவாள், ஆனால் கோப்பை வேறு மேசையில்தான் இருக்க வேண்டும்.

இயந்திரத்தில் சூட்டால் அச்சாகி வரும் டிக்கெட் இருக்கிறதே, அதைக் காப்பாற்ற முடியாது. கூடிய சீக்கிரம் வெள்ளைத் தாளாகிவிடும். எனக்கு அப்படி இரண்டு போய்விட்டன. வாங்கிய அன்றே படம் எடுத்துத் தாளில் அச்சடித்துக் கூடவே வைத்துவிடுங்கள்.

இப்போது நடக்கும் விளையாட்டைப் பார்க்கும்போது எனக்கு ஒரு அவசரம் இருக்கிறது. பேரா காற்பந்து எங்கள் உயிர். 1998, 2000 என்று மலேசியக் கிண்ணம். 2018 அக்டோபரில் ஷா ஆலாமில் திரங்கானுவோடு 3-3, பிறகு பெனால்டியில் 4-1. வேன் எடுத்துக்கொண்டு பதினோரு பேர் போனோம், திரும்பும்போது ஒருவருக்கும் குரல் இல்லை. 2025-26 சூப்பர் லீக்கில் பேரா எஃப்சி இல்லை, விலகிக்கொண்டது. அதற்கு முன்பே 2022 பருவத்தோடு பெட்டாலிங் ஜெயா சிட்டி போய்விட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணியாகத் தொடங்கி, நம் பையன்கள் நிறையப் பேர் ஆடிய அணி அது. அணி இல்லாமல் போனதும் ஆட்கள் ஜெர்சியைக் குவியலில் போட்டுவிடுகிறார்கள். பத்து வெள்ளிக்கும் எட்டு வெள்ளிக்கும் மஞ்சள் ஜெர்சிகள் வருகின்றன. என் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்து வருகிறேன். என்னிடம் இப்போது பத்தொன்பது இருக்கின்றன.

சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, நம்மவர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பதுதான். மெஸ்ஸியின் அட்டையை உலகமே பத்திரப்படுத்தும். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிய டாக்டர் எம். ஜெகதீசன், 1968-இல் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கினார் ஜி. சரவணன். இவர்கள் படம் வந்த தமிழ் நாளிதழை எத்தனை வீட்டில் வைத்திருப்பார்கள்? தமிழ் நேசனே 2019-இல் நின்றுவிட்டது. அப்பா அந்தக் காலத்தில் கத்தரித்தது விளையாட்டுச் செய்தி. இன்றைக்கு அந்தத் துண்டின் பின்பக்கத்து விளம்பரமும் ரப்பர் விலையும்கூட எனக்குப் பொக்கிஷம்.

மகள் தன் பங்குக்கு வேறு வழியில் போகிறாள். அவளுக்குச் சுவர்ப்பந்து. சுங்கை பட்டாணியில் பிறந்த எஸ். சிவசங்கரி 2022-இல் கார் விபத்தில் கடுமையாகக் காயப்பட்டு, மீண்டு வந்து, மறு வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கினார், 2024-இல் லண்டனில் பட்டம் வென்றார். அவருக்கு அட்டையும் கிடையாது, ஸ்டிக்கர் ஆல்பமும் கிடையாது. அதனால் மகளே ஆல்பம் செய்கிறாள். நாளிதழ்ப் படம், போட்டி அட்டவணை, இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த கறுப்புப் பந்து ஒன்று. பூப்பந்தில் பேர்லி டான், எம். தீனா ஜோடிக்குத் தனிப் பக்கம். 2022 காமன்வெல்த் தங்கத்தில் தொடங்கி, 2025 உலகப் போட்டியில் வெள்ளி வரை வந்திருக்கிறது. "இன்னும் ஆறு பக்கம் காலியா விட்டிருக்கேன்பா, தங்கம் வரும்ல" என்கிறாள்.

போன மாதம் தோட்டத்தில் அப்பாவோடு ஆடிய பெரியவர் ஒருவர், வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்ததென்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டு வந்து கொடுத்தார். எழுபதுகளில் எடுத்த தோட்ட அணிப் படம். பதினோரு பேர், பின்னால் லயத்து வரிசை வீடுகளின் கூரை, ஓரத்தில் விசிலோடு அப்பா. பாதிப் பேர் காலில் பூட்ஸ் இல்லை. படத்தைக் கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் பெயர்களை எழுதினோம். பேனா என்றால் மை முன்பக்கம் ஊறும். பெரியவர் ஒன்பது பேரைச் சொன்னார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்தாவது ஆளைக் கண்டுபிடித்தார். உட்கார்ந்திருக்கும் வரிசையில் இடது ஓரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் ஒல்லிப் பையன் மட்டும் மிச்சம்.

"பேரு தெரியல தம்பி. எல்லாரும் ஆறுமுகம்னுதான் கூப்பிடுவாங்க" என்றார் அம்மா.

அப்படியே எழுதினேன்: இடது ஓரம், கோல் காவலர், ஆறுமுகம் என்று அழைப்பார்கள்.